தலைவர் கூட்டி வந்த மொழிபெயர்ப்பாளர்

போன புதன்கிழமை, பிற்பகல் மழை பிடிப்பதற்குச் சற்று முன், எஹலியகொடைக்கு மேலே எங்கள் இறப்பர் தோட்டத் தமிழ்ப் பாடசாலையில் ஒரு கூட்டம். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடினால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சமாம். பேப்பரில் படித்துக்கொண்டிருந்த விவாதம், கல்விக் கந்தோர் அதிகாரி உருவில் நேரிலேயே வந்துவிட்டது.

இறப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் புஷ்பம் முன்வரிசையில் இருந்தார். மகள் இங்கே மூன்றாம் வகுப்பு. மூடினால் பிள்ளை டவுனுக்குப் போக வேண்டும். காலை பஸ் வரும் நேரத்தில் புஷ்பம் மலையில் மரத்தோடு நிற்பார். பிள்ளையை யார் ஏற்றிவிடுவது?

தோட்டத்துச் சங்கத் தலைவர் மகாலிங்கம் எழுந்தார். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும், "இது நம்ம பாஷைக்கான போராட்டம். தமிழ்லதான் பேசுவேன்" என்றார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனவே, மொழிபெயர்க்கத் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார்.

பேச்சு அருமை. தாய்மொழி, தாய்ப்பால்... எல்லாம் வந்தது. மகளின் சிங்களம் அதைவிட அருமை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவ்வளவு அழகா பேசுறீங்க, மகள். எந்த ஸ்கூல்?" என்று சிங்களத்தில் விசாரித்தார்.

"டவுன் சிங்கள ஸ்கூல், சேர். தம்பியும் அங்கதான்."

அங்கே சிங்களம் விளங்காதவர் யார்? தலைவர் கூரையைப் பார்த்தார். பார்ப்பதற்குக் கூரையில் ஓட்டைகள் உண்டு.

"இதையும் தமிழ்ல மாத்திச் சொல்லு பாப்பா, அப்பாவுக்குக் கேக்கல போல" என்றார் புஷ்பம்.

எல்லோரும் சிரித்தோம். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த தவணையில் வருவதாகவும், அதற்குள் பிள்ளைகள் கூடாவிட்டால் மூடுவதைத் தவிர வழியில்லை என்றும் சொல்லிப் போனார்.

டவுனில் கணக்குக்கு டீச்சர் இருக்கிறார் — தலைவருக்கும் காரணம் உண்டு. நம்மில் யாருக்குத்தான் இல்லை? ஆனால், அவர் வீட்டில் எப்போதோ மூடிவிட்ட பாடசாலையைத்தானே அரசாங்கம் இப்போது மூட வந்திருக்கிறது?

இந்தத் திங்கட்கிழமை. பாடசாலை விடும் நேரம், தலைவர் வாசலில் நின்றார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிப்போக வந்தார் புஷ்பம்.

"என்னங்க தலைவரே, இன்னைக்கும் பேச்சா?"

"இல்ல புஷ்பம். சின்னவன இங்க மாத்திட்டேன். கூட்டிப்போக வந்தேன்."

தலைவரின் மிகச் சிறிய பேச்சு அதுதான்... மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.