கதவில் சிக்கிய நட்சத்திரம்

போன வாரம் எங்கள் சிவகாசித் தெருவில் ஒரு நட்சத்திரம் கதவில் மாட்டிக்கொண்டது. காரணம்… அடியேன்!

கிறிஸ்துமஸுக்காகச் செய்தது. வெளியே தூறல், அதனால் சர்ச் ஹாலுக்குள்ளேயே வேலை. சம பக்கமுள்ள இரண்டு மூங்கில் முக்கோணங்கள் – ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதன் மேல் வைத்துக் கட்டினால் ஆறு முனை நட்சத்திரம் ரெடி. அளவு போட்டது நான். கதவு ஏழு அடி உயரம், இரண்டரை அடி அகலம். முக்கோணத்தின் பக்கம் ஆறரை அடி. அரை அடி மிச்சம். கணக்கு சரிதானே?

நர்ஸ் ஸ்டெல்லா அக்கா டியூட்டி முடிந்து நேராக வந்து, நான்கு நாட்கள் அதில் ஜிகினாத் தாள் ஒட்டினார். ஐந்தாம் நாள் மாலை, வெளியே ஏற்றிக் கட்டுவதற்காக, விளிம்பு முன்னால் போகும்படி நிமிர்த்தித் தூக்கினோம். மேல் முனை கதவு நிலையில் இடித்தது. சக்கரம்போல் ஒரு பக்கமாய்ச் சாய்த்தோம். அடுத்த முனை அதே உயரத்துக்கு வந்து நின்றது!

"ஒரு முனைய அறுத்துருவோம். வெளிய போயி ஒட்டிக்கிடலாம்" என்றார் மானுவேல் அண்ணன். அச்சாபீஸில் கட்டிங் மிஷின் ஓட்டுபவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்.

"அறுப்பீக, அறுப்பீக! நாலு நாளா ஒட்டுனது நானுல்ல? ஏலே தம்பி, நீதான அளவு போட்ட? நீயே வழி சொல்லு!"

மானுவேல் அண்ணன் ரம்பம் தேடப் போனார். நான் சாக்பீஸ் தேடினேன்.

பக்கத்தை அளந்தேன்… முனைக்கு முனை அளந்தேனா? தரையில் வரைந்தேன். நடுவிலிருந்து முனைக்கு ஒரு கோடு, பக்கத்தின் மையத்துக்கு இன்னொன்று. முப்பது – அறுபது – தொண்ணூறு முக்கோணம்! பாதிப் பக்கம் மூன்றேகால். அதை 1.732ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால், நடுவிலிருந்து முனைக்கு மூன்றேமுக்கால். எதிரெதிர் முனைகளுக்கு நடுவே…

"ஏழரை" என்றேன்.

"ஏழரையா? வெளங்குனாப்லதான்!" – ரம்பத்தோடு வந்துவிட்டார் அண்ணன்.

அப்படியானால் என் ஆறரை எங்கே போனது? அங்கேயேதான் இருந்தது. மேலே ஒற்றை முனைக்குப் பதில் இரண்டு முனைகள் நின்றால், உயரம் முக்கோணத்தின் பக்க அளவுதான் – ஆறரை.

"முன்ன சாய்ச்சதுல பாதி சாய்ங்கண்ணே. முப்பது டிகிரி!"

"எப்படித் திருப்புனாலும் நட்சத்திரம் நட்சத்திரந்தானலே…"

திருப்பினார்கள். ஒரு தாள்கூடக் கிழியாமல் வெளியே போனது.

செய்த தப்பை நாமே சரிசெய்தால் அதற்குப் புத்திசாலித்தனம் என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். தெரு வைக்காது. மறுபடி திருப்பத் துணிச்சலில்லாமல், நட்சத்திரத்தை அப்படியே ஏற்றிக் கட்டிவிட்டார்கள். மேலே இரண்டு கொம்பு! காரணம் கேட்பவர்களுக்கெல்லாம் ஸ்டெல்லா அக்காவிடம் ஒரே பதில்:

"கணக்குத் தெரிஞ்ச தம்பி அளவு போட்டதுங்க… அப்படித்தான் நிக்கும்!"