சாயாத வண்டி

பெரியப்பா எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுப்பார். முழங்காலை மடக்கிக் குனிந்து, அதை விளிம்பில் நிற்கும்படி தரையில் வைப்பார். விரலை மெல்ல விலக்குவார். பெட்டி கிளம்பி, ஏறி, நிற்கும்வரை கண் அதன்மேல்தான். விழாமல் நின்றால் "ம்" என்று எழுந்துகொள்வார். விழுந்துவிட்டால், கூட ஏறியவர் யாராக இருந்தாலும் பிடித்துக்கொண்டு, "யாரு சார் இதப் பாத்துக்கறாங்க?" என்று கேட்பார். பல்வலியோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர் என்ன பதில் சொல்வார், பாவம்.

லிஃப்ட் பராமரிப்புதான் அவர் தொழில். கிரீஸ் டப்பா தூக்கித் தொடங்கியவர். இன்று சொந்தக் கம்பெனி. ஆனால் உட்காரத் தெரியாத மனிதர். சாப்பிடும்போதுகூட ஒரு கால் மேசைக்கு வெளியே, கிளம்பத் தயாராக நீண்டிருக்கும். கார் ஓட்டினாலும் அதே கதைதான். முன்னால் ஒரு வண்டி போனால், வீட்டுப் பத்திரத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனைப் போல அதைத் துரத்துவார்.

அவருக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகி மலைமேல் இருக்கிற ஊரில் இருக்கிறாள், இப்போது மாசமாகவும் இருக்கிறாள். பெரியப்பா காரில் போவார். பெரியம்மா பஸ்ஸில் போவாள். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் காரில் அவளுக்குக் குமட்டும். பாதி வழியில் இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் ஒன்றும் ஆகாது. "பஸ் கனம், நீளம். அதான் ஆடல" என்பது பெரியப்பாவின் கணக்கு. அதன்படி மூன்று கார் மாற்றியாயிற்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிசு.

நாலாவது, சொகுசுக் கார். வாங்குவது என்று முடிவாகிவிட்டது. முடிவாகாதது ஒன்றுதான்: ஹேண்ட்லிங் பேக்கேஜ். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை, திரும்பும்போது பின்சக்கரமும் சேர்ந்து திரும்பும், வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காசில் இன்னொரு சின்னக் கார் வந்துவிடும்.

ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. காலையில் "போட்டுடலாம்" என்பார். குளித்துவிட்டு வந்து "எதுக்கு?" என்பார். ஹாலில் நடந்துகொண்டே ஷோரூமுக்குப் போன் செய்வார், அவர்கள் எடுப்பதற்குள் வைத்துவிடுவார்.

"அரைச்ச மாவையே அரைக்கறீங்க" என்றாள் பெரியம்மா.

"யாருக்காக அரைக்கறேன்? பேரப்புள்ள வர்றப்போ நீ பஸ்ஸுலயா போவ?"

"பஸ்ஸுக்கு என்ன கொறச்சல்?"

கடைசியில் ஷோரூம் பையன்தான் வழி சொன்னான். இரண்டு விதமும் ஓட்டிப் பார்க்க இருக்கின்றன. மலையின் முதல் ஏழெட்டு வளைவு மட்டும் போய்வரலாம். பெரியப்பா என்னையும் இழுத்துப்போனார். "டேய் ஊமைக்கோட்டான், பின்னாடி பெரியம்மா பக்கத்துல உக்காந்து அவ மூஞ்சியப் பாரு. நான் ரோட்டப் பாத்துக்கறேன்."

முதலில் பேக்கேஜ் போட்ட வண்டி. வளைவுக்குள் அது கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பெரியப்பா சிரித்தார். "சாயுதா பாரு! சொல்லு, சாயுதா?" இரண்டாவது வளைவில் இன்னும் கொஞ்சம் மிதித்தார். மூன்றாவதில் இன்னும். உண்மையிலேயே வண்டி சாயவில்லை. நான்தான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். பெரியம்மாவின் கை மேல்பிடியைத் தேடியது. காதோரம் வியர்த்திருந்தது.

"நிறுத்துங்க."

இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா தண்ணீர் பாட்டிலோடு போய் அவள் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மதியம் பேக்கேஜ் இல்லாத வண்டி. முதல் வளைவிலேயே லேசாகச் சாய்ந்தது. "அய்யய்யோ" என்று அவர் பிரேக்கை மிதித்தார். பின்பு ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே காலை எடுத்தார். பால் குடம் ஏந்தியவரைப் போல ஓட்டினார். பின்னால் ஹார்ன் அடித்தவர்களையெல்லாம் முனகிக்கொண்டே போகவிட்டார். பெரியம்மா கண்ணாடியை இறக்கினாள். பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்து, ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள். எட்டாவது வளைவு முடிந்தபோது பழம் தீர்ந்திருந்தது.

பெரியப்பா ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டது.

"புரியலையே. அது சாயல, உனக்கு ஆகல. இது சாயுது, பழம் திங்கற. டயரா இருக்குமோ? சீட்டு பஞ்சோ?"

"ஒரு லிஃப்ட்டுல காசு விழுந்தா என்ன பண்ணுவீங்க? பெட்டிய மாத்துவீங்களா?"

"பெட்டிய எதுக்கு மாத்தணும்? கிளம்பறதும் நிக்கறதும் பதமா இருக்கணும். அத ஓட்டற..."

பெரியம்மா ஆரஞ்சுத் தோலை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் தாளம் நின்றிருந்தது.

பேக்கேஜ் இல்லாமல்தான் கார் வந்தது. பேத்தி பிறந்த மறுநாள் மூவரும் மலையேறினோம். ஒரு பால் வண்டிகூட எங்களை முந்திப் போனது. பெரியப்பாவின் இடது கால் தரையில் தவித்துக்கொண்டே இருந்தது, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி. வலது கால் மட்டும் சொன்னபடி கேட்டது. மகள் வீட்டு வாசலில் இறங்கியதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "சாப்பாடு ஆயிடுச்சா? பசிக்குது."

குழந்தையைப் பார்க்க வந்திருந்த பெரியம்மாவின் அண்ணனிடம் பிற்பாடு ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "வளைவு ஒத்துக்காதா, அவளுக்கா? எங்கப்பா இதே மலைக்கு லாரி ஓட்டினவரு. பள்ளிக்கூடம் லீவு விட்டா அவ அந்த லாரியிலதான் கெடப்பா. கடைசி வளைவு வரைக்கும் சீட்டுல படுத்துத் தூங்கிட்டு வருவா."