சித்தப்பா போட்ட மொட்டை

என் சித்தப்பாவோடு நான் வெகுநாள் பேசாமல் இருந்தேன். அவர் செய்த குற்றம், மொட்டை போட்டுக்கொண்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்த வயதில் ஒருவரோடு பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. அவர் சேவுப் பொட்டலத்தை நீட்டும்போதுகூடக் கோபத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டை ஒட்டி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மழையை நம்பி கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிற கரிசல் பூமி. அப்பாவுக்கு இளையவரான சித்தப்பா மட்டும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க முடியாது என்று லோடு ஆட்டோ வாங்கி, டவுனில் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி பாலவனத்தத்துப் பெண். தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் வளர்ப்பில் இருந்தவள். கல்யாணம் முடிந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இந்தப் பக்கம் அடி விழுந்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

அந்த ஆவணியில் சித்திக்குச் சோறு இறங்காமல் போயிற்று. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றில் புற்று, ஈரல்வரை பரவிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சித்திக்கு இருபத்து நான்கு வயது. இது அவர்கள் இருவருக்கும் என் அப்பா அம்மாவுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பெரியவளான பிறகு அம்மா துண்டு துண்டாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் சித்தி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எதிர்வீட்டு அத்தை தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே முகமெல்லாம் பல்லாக, “என்னத்தா, விசேஷமா?” என்று கேட்டாள்.

கூடப் போயிருந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி தலையைக் குனிந்து சிரித்துவிட்டாள். புதுப்பெண் அப்படிச் சிரித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொழுது சாய்வதற்குள் தெருக்கோடிவரை சேதி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சத்தம் போட்டிருக்கிறாள். “ஏண்டி இப்புடிப் பண்ணுன? நாளைக்கு ஊரு முன்னால என்னத்தச் சொல்ல?”

“நாளைக்குத்தானக்கா” என்றாளாம் சித்தி. “ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூட என் மொகத்தப் பாத்துப் பேசல. இவுக என்னயப் பாத்துச் சிரிக்காக. இருக்குற வரைக்கும் இப்புடியே இருந்துட்டுப் போறேனே.”

அம்மா தலையாட்டினாள். சித்தப்பாவும் சரி என்றுவிட்டார். அவள் கேட்டு அவரால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. மாங்காய் காலம் இல்லை. இருந்தும் எவரெவரோ எங்கெங்கோ தேடி மாங்காய் கொண்டுவந்தார்கள். மாதுளை வந்தது, நெல்லிக்காய் வந்தது, புளிக்குழம்பு தூக்குவாளியில் வந்தது. சித்தி எல்லாவற்றையும் வாங்கி மோந்து பார்ப்பாள், நல்லா இருக்கு என்பாள், அவர்கள் போனதும் என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளுடைய மசக்கையில் உடம்பு தேறியது எனக்குத்தான்.

சித்தப்பா சவரம் செய்வதை விட்டுவிட்டார். காலையில் எழுந்து முகம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ராத்திரியெல்லாம் சித்திக்குக் கைகால் பிடித்துவிட்டு, விடிந்ததும் லோடு ஏற்றப் போய், மதியம் ஆட்டோவுக்குள்ளேயே தலையைச் சாய்த்துக் கிடப்பார். ஊர் அந்தத் தாடியை வேறு மாதிரிப் பார்த்தது. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. செய்தால் பிள்ளைக்கு ஆகாது. எதிர்வீட்டு அத்தைதான் இதை எனக்கு விளக்கமாகச் சொன்னாள். டீக்கடையில் அவர் சேக்காளிகள், “ஏலே, தாடியப் பாத்தா ரெட்டப் புள்ள போலருக்கே” என்று கேலி செய்வார்கள். சித்தப்பா தாடியைத் தடவி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிடுவார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. பாப்பாவுக்கு நான் வைக்கப்போகும் பெயரை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அந்தத் தாடிக்கு நான் காவல். திருச்சுழியில் சலூன் பக்கம் ஆட்டோ நின்றால்கூட அவரை இறங்க விடாமல் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

ஐப்பசியில் சித்திக்கு முடி கொட்டத் தொடங்கியது. அவளுக்கு அப்படியொன்றும் நீளமான முடியில்லை. இருந்ததும் தலையணையிலும் சோற்றிலும் உதிர்ந்தது. ஒருநாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். பிள்ளை உண்டானால் முடி இறக்குவதாகக் குலசாமிக்கு வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஊரும் நம்பியது. பிள்ளைத்தாச்சி தலையில் கத்தி வைப்பதா என்று எதிர்வீட்டு அத்தை மட்டும் முனகிவிட்டு, சாமி காரியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அப்பா காட்டு வேலைக்குப் போய்விட, நாங்கள் நாலு பேரும் லோடு ஆட்டோவில் போனோம். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் பொட்டல் நடுவே இருக்கிற கோயில். நாவிதர் வந்து காத்திருந்தார். சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தடவி இரண்டு இழுப்பு, அவ்வளவுதான், வழிக்க ஒன்றும் இல்லை. தலையைத் தொட்டுப் பார்த்தாள். காது மடல்கள் தனியாக, பெரிதாகத் தெரிந்தன. “பாப்பா மாதிரி இருக்க சித்தி” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்த மேனிக்கு அழ ஆரம்பித்தாள். நான் அதுவரை பெரியவர்கள் அப்படி அழுது பார்த்ததில்லை.

சித்தப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, நீங்க எதுக்கு?” என்று அம்மா பதறினாள்.

சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்க. நீங்க எடுத்தா ஊருக்குத் தெரிஞ்சு போகும். யாரும் சிரிக்க மாட்டாக.”

“எத்தன நாளைக்குப் புள்ள? ஏழாம் மாசம் வளையல் போடணும்னு இப்பவே பேசுறாக. கையில வளையல வச்சுக்கிட்டு அவுக நிக்கையில நீ தாங்க மாட்ட.” நாவிதரிடம் தலையைக் குனிந்தார். “எனக்கும் அலுத்துப் போச்சு. உங்கூட ஒரு எடத்துலயாச்சும் உண்மையா உக்காந்துக்கிறேன்.”

அந்தப் பேச்சில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். கத்தி தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. “சித்தப்பா, வேணாம், பாப்பாவுக்கு ஆகாது” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாவிதர் கையை நிறுத்தி சித்தப்பா முகத்தைப் பார்த்தார். “நீங்க எடுங்கண்ணே” என்றார் சித்தப்பா.

சந்தனம் பூசிய இரண்டு தலைகளோடு ஆட்டோ ஊருக்குள் நுழைந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. சேக்காளிகளில் ஒருவர் கையைத் தூக்கிவிட்டு அப்படியே இறக்கிக்கொண்டார். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்தாள். சித்தியின் தலையைப் பார்த்தாள், அது தெரிந்ததுதான். சித்தப்பாவின் தலையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து மாங்காய் நின்றுபோனது. ரொட்டியும் ஆர்லிக்ஸும் வந்தன. கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சித்தி சொன்னபடியே ஆயிற்று. ஆனால் எதிர்வீட்டு அத்தை மட்டும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். ஒருநாள் சித்தி அவளிடம், “விசேஷமான்னு நீங்க கேட்டீகளே, அன்னைக்கு எம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா” என்றாள். அத்தை தேம்பித் தேம்பி அழுதாள்.

பாப்பா வராது என்று அம்மா சொன்ன அன்று நான் சித்தப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். “நீங்க மொட்ட போட்டதாலதான பாப்பா வரல?” அவர் ஆட்டோவுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வராமலே, “ஆமா தாயி. சித்தப்பா மேலதேன் தப்பு” என்றார். ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று என் கோபம் இரண்டு மடங்காயிற்று. அன்றிலிருந்துதான் பேச்சை நிறுத்தினேன்.

மாசியில், மல்லி பிடுங்கிக்கொண்டிருந்த சமயம் சித்தி போய்விட்டாள். பிள்ளை இல்லாததால் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்தவர் மொட்டை எடுக்க வேண்டும். கருமாதியன்று பங்காளிகள் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அதே நாவிதர்தான் வந்திருந்தார். சித்தப்பாவின் தலையில் முடி விரலில் பிடிபடுகிற அளவுக்கு முளைத்திருந்தது.

“நான் எடுக்கல” என்றார் சித்தப்பா. “அவளுக்கு எடுக்க வேண்டியத அவ பாக்கவே எடுத்துட்டேன்.”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முறை, சாத்திரம் என்று எப்போதும் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட நாவிதரிடம் போதும் என்று கையைக் காட்டினார்கள். நாவிதர் கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

அம்மாவின் மடியில் உட்கார்ந்து நான் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். எடுக்க மாட்டேன் என்று இவ்வளவு திடமாகச் சொல்லத் தெரிந்த மனுஷன், அன்றைக்குக் கோயிலிலேயே சொல்லியிருந்தால் பாப்பா வந்திருக்குமே என்று இருந்தது எனக்கு.