ஞாயிறு மூன்று மணிக் காட்சி

நான் கதை எழுதுகிறவள் இல்லை. நேரம் எழுதுகிறவள். நாடகம் நடக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து விளக்குகளை இயக்குவது என் வேலை. எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எந்தச் சத்தம் எத்தனை மணிக்குப் போனது, யார் வசனத்தை விழுங்கினார் என்று நோட்டில் குறித்தும் வைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே வரும் நேரங்களில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று மதியம் வரை நானும் நம்பாத கட்சிதான்.

எங்கள் அரங்கம் ரொம்பச் சின்னது. நாற்பத்திரண்டு இருக்கை. முன்பு அது பல் ஆஸ்பத்திரி. அதை நடத்திய டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதில் வேலை அலுத்துப்போனது. சுவரை இடித்தார், ஜன்னல்களை அடைத்தார், உள்ளே முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். நோயாளிகள் காத்திருந்த பெஞ்சில்தான் இப்போது ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். முகபாவம் அதேதான் என்று டாக்டரம்மா சொல்வார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கதவைச் சாத்தினால் கும்மிருட்டு.

பெரிய அரங்கங்கள் தொடப் பயப்படும் நாடகமெல்லாம் எங்களிடம் வந்து சேரும். முழு இருட்டில் ஒரு நாடகம் போட்டோம். இரண்டு பேர் வாயே திறக்காமல் ஒரு மணி நேரம் உருளைக்கிழங்கு தோல் சீவும் நாடகம் போட்டோம். பார்க்க வந்தவர்களை மேடையில் உட்காரவைத்து, நடிகர்கள் எதிரே உட்கார்ந்து அவர்களை முறைக்கும் நாடகமும் போட்டோம். அதற்கும் பதினாறு பேர் வந்தார்கள். எங்கள் ரசிகர்கள் எதற்கும் அசர மாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்: ஆரம்பித்த நாடகம் நிற்காது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை. மின்சாரம் போனபோது செல்போன் வெளிச்சத்தில் முடித்தோம்.

அந்த நாடகத்தை எழுதியவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா இறந்துபோனாள். மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று அக்காவின் கணவன் சொன்னான். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவன் தள்ளிவிட்டிருப்பான் என்று இவள் மட்டும் நினைத்தாள். நினைத்ததை நாடகமாக எழுதி ஏழு அரங்கங்களுக்கு எடுத்துப்போனாள். குடும்ப விஷயம், நமக்கு எதற்கு என்று ஏழு பேரும் கைகழுவினார்கள். டாக்டரம்மா ஒரே மூச்சில் படித்துவிட்டு, "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

மனைவியாக நடித்தது என் நாத்தனார். அவளை நடிக்கக் கூட்டிவந்ததே நான்தான். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்," என்று என் கணவர் பாதி விளையாட்டாகச் சொல்லியிருந்தார். கணவனாக நடித்தவர் ஒரு பேக்கரிக்காரர். ஆள் பார்க்கத்தான் மலை மாதிரி. கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிறவர்.

மேடைச் சண்டையில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. அடிப்பவர் கையில் எதுவும் இல்லை. அடிவாங்குபவர்தான் சண்டையை நடத்துவார். முடியைப் பிடித்து இழுப்பது போல் உங்களுக்குத் தெரியும். உண்மையில் அவள்தான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, தன் தலையோடு அழுத்திக்கொண்டு நகர்வாள். அவர் வெறுமனே கூடப் போவார். நிறுத்த வேண்டுமென்றால் அவள் தரையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவாள். தட்டினால் நான் எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். தட்டாதவரை தலையிட மாட்டேன். இதுதான் ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி. மதியம் மூன்று மணிக்கு.

1.40. ஒவ்வொரு காட்சிக்கும் முன் சண்டையை ஒருமுறை மெதுவாகச் செய்து பார்ப்போம். மேடையின் வலது பக்கம் ஆறு மரப்படி. இடது பக்கம் ஒரு சாப்பாட்டு மேசை. சண்டை படியில். ஆனால் நாத்தனார் பேக்கரிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் நடந்தாள். மேசைப் பக்கம்.

"படி அந்தப் பக்கம்," என்றேன்.

"தெரியும் அண்ணி. கால் தானா போகுது," என்று சிரித்தாள்.

மறுபடி செய்தாள். மறுபடியும் மேசை. மூன்றாவது முறைதான் படிக்குப் போனாள். பதற்றம் என்று நோட்டில் எழுதினேன்.

2.15. பதினொன்றாம் நம்பர் விளக்கு படியை விட்டு மேசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஏணி போட்டு ஏறினேன். ஸ்பேனரால் முடுக்கிய விளக்கு அது. கையால் அசைக்க முடியாது. திருப்பி, முடுக்கி, இறங்கினேன்.

2.50. ரசிகர்கள் பத்தொன்பது பேர். எழுதியவள் மூன்றாவது வரிசையில். அண்ணாந்து பார்த்தேன்.

பதினொன்று மறுபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது...

ஏணி போட நேரமில்லை. யாரோ என்னிடம் விளையாடுகிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

3.00. ஆரம்பித்தோம். முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது.

3.48. சண்டை. பேக்கரிக்காரர் கையை ஓங்கினார். நாத்தனார் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் பதினொன்றைப் போட்டேன். மேசை மேல் வெளிச்சம் விழுந்தது.

அவள் படியின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வெளிச்சத்துக்குப் போனாள்.

முதலில் விரல். அவளுடைய இடது சுண்டுவிரல் அவர் முஷ்டிக்குள் இருந்தது. பின்பக்கமாக மடங்கியது. டக்... உலர்ந்த குச்சியை ஒடிக்கும் சத்தம். என் சத்தப் பட்டியலில் அப்படி ஒரு சத்தம் இல்லை.

அடுத்து அறை. வலது காதில். மேடை அறை என்றால் கை முகத்தில் படாது, மறைவில் யாராவது கைதட்டுவார்கள். இது பட்டது. அவள் தலை ஒரு பக்கமாகத் தெறித்துத் திரும்பியது. அதே கை திரும்பி வந்து வாயில் இறங்கியது. கீழுதடு கிழிந்து ரத்தம் கழுத்து வரை வழிந்தது. நாங்கள் ரத்தம் வைத்திருக்கவில்லை. அந்த நாடகத்தில் ரத்தமே கிடையாது.

தட்டு, தட்டு என்று கூண்டுக்குள் இருந்து முணுமுணுத்தேன். அவள் தட்டவில்லை. தட்டக் கை வேண்டுமே. இரண்டு கையும் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் விடாமல் பிடித்திருந்தன.

பேக்கரிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க அது முன்னால் போனது.

மேசை விளிம்பில் அவள் விலா மோதியது. ஒருமுறை. இரண்டாவது முறை. இரண்டாவது முறை உள்ளே ஏதோ விட்டுப்போன சத்தம்.

பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் நன்றாகப் பார்ப்பதற்காக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எதற்கும் அசராத ரசிகர்கள். நாங்கள் பழக்கிவைத்தவர்கள்.

நானும்தான் அசையவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நிற்காது, நிற்காது என்று பதினோரு வருடம் கேட்ட சட்டம் என் விரலைப் பிடித்துவைத்திருந்தது.

3.50. கழுத்து. இரண்டு கட்டைவிரல்கள்.

மூச்சு வாங்கும் சத்தம் கூண்டு வரை கேட்டது...

பிறகு முடி. கொத்தாக. உச்சியிலிருந்து பிய்ந்து அவர் விரலிடுக்கில் தொங்கியது.

அவள் மேசை மேல் குப்புற விழுந்தாள்.

அவருடைய வலது கை மேசையைத் துழாவியது. மேசையில் ஒன்றுமில்லை. வெறும் பலகை. ஆனாலும் துழாவியது. இங்கே... அங்கே...

நின்றது.

விரல்கள் மடங்கின. முழுதாக மடங்கவில்லை. உள்ளே ஒரு பிடி இருந்தால் எவ்வளவு இடம் விடுமோ, அவ்வளவு இடம் விட்டு மடங்கின.

கை உயர்ந்தது. மெதுவாக. கனமான எதையோ தூக்குவது போல.

அவள் பின்னந்தலைக்கு நேர் மேலே.

3.51.

எல்லா விளக்கையும் போட்டேன்.

கண் கூசியது. பேக்கரிக்காரரின் கை பொத்தென்று கீழே விழுந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பினார்.

நாத்தனார் தலையைத் தூக்கினாள். ரசிகர்களைப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரரைப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் முடியல," என்றாள்.

அவள் குரல் எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக என்னை அண்ணி என்று கூப்பிட்ட குரல். அது இது இல்லை.

மூன்றாவது வரிசையில் எழுதியவள் எழுந்து நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க இருந்தோம். நாத்தனாருக்கு 3.48க்குப் பிறகு எதுவும் நினைவில்லை. கை மட்டும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றாள். பேக்கரிக்காரர் இரண்டு மணிக்கட்டையும் நீட்டிக் காட்டினார். விரல் தடங்கள் கறுப்பாகக் கன்றிப்போயிருந்தன.

"நான் விடுவிச்சுக்கத்தான் பாத்தேன். அவங்க கை மட்டும் இல்ல. பின்னாலேருந்தும் புடிச்சிருந்துச்சு," என்றார்.

என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டத்தை உடைத்ததற்கு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மூணு நிமிஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்," என்றார். "நானும் கடைசி வரிசைலதான் இருந்தேன். எனக்கும் கை வரல."

அரங்கத்தை மூடிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆளை அடித்தால்கூட உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தை வளர்த்துவைத்திருக்கிறோம், இதில் என்ன பெருமை என்று கேட்டேன். டாக்டரம்மா மூடவில்லை. மீதிக் காட்சிகளை மட்டும் ரத்து செய்தார்.

நான்கு மாதம் கழித்து எழுதியவள் வந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர்.

எட்டு வருடமாக அவள் வீட்டில் யாரும் அக்காவின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டதே இல்லை. படியில் விழுந்தவளுக்கு அறிக்கை எதற்கு என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள், போலீசும் விபத்து என்றே மூடிவிட்டது. அன்றைய மூன்று நிமிடத்தைப் பார்த்த பிறகுதான், அவள் மனுப் போட்டிருக்கிறாள். நகல் அன்று காலைதான் வந்ததாம். ஏழு அரங்கங்களைப் போல நாங்களும் கைகழுவியிருந்தால் அந்தக் காகிதம் இன்னும் ஏதோ அலமாரியில் கிடந்திருக்கும். அதை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அன்று அப்படி நினைக்கும் நிலையில் நான் இல்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில காயமெல்லாம் எழுதிக் குடுத்த சீட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

என் பையிலேயே இருந்தது. இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

இடது சுண்டுவிரல், எலும்பு முறிவு. இரண்டிலும்.

வலது செவிப்பறை கிழிந்தது. இரண்டிலும்.

கீழுதடு. இரண்டு இடது விலா எலும்புகள். கழுத்தில் இரண்டு கட்டைவிரல் தடங்கள். உச்சியில் முடி பிடுங்கப்பட்ட காயம்.

இரண்டிலும். இரண்டிலும்.

ஆறு காயம். எங்கள் சீட்டு அதோடு முடிந்தது.

அவளுடைய அறிக்கை முடியவில்லை. விரலை அடுத்த வரியில் வைத்தாள்.

ஏழு. பின்னந்தலை. முக்கோண வடிவில் மண்டையோடு உள்ளிறங்கியிருக்கிறது. காயத்தைச் சுற்றித் தோல் வெந்திருக்கிறது. சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையாக இருக்கலாம். மரணத்துக்கு இதுவே காரணம்.