மணியடித்தால் ஒதுங்கிவிடுவார்

என் வீட்டுக்காரர் எனக்கு வழிவிட்ட அந்தக் காலைப்பொழுதை இன்றுவரை மறக்க முடியவில்லை. கண்மாய்க் கரையில் அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். பின்னால் சைக்கிளில் வந்த நான் ஒரு தடவை மணி அடித்தேன். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாதவள் நான். வீட்டில் என்றால் 'என்னங்க' என்பேன், அதற்கும் அசையாவிட்டால் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பேன். ஊரே நடக்கிற கரையில் கத்தவா முடியும்? அதனால்தான் மணி. திரும்பிப் பார்ப்பார், 'வந்துட்டியா' என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பவே இல்லை. பேச்சை நிறுத்தாமல் தண்ணீர்ப் பக்கமாக ஓர் அடி ஒதுங்கி, கையை மட்டும் ஆட்டி, போகலாம் என்று சைகை காட்டினார். பக்கத்தில் நடந்த டீச்சரும் அவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். இரண்டு பேரையும் தாண்டிப் போனேன். ஏதோ ஒரு சைக்கிள் போகிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அவர் யாரென்று தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். மதுரை ரோட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பின்னால் எவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சைடு கொடுக்க மாட்டார். சைடு கேட்டவன் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி. எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் காரில் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மேலூர் வரைக்கும் புலம்பிக்கொண்டே போன கதை இப்போதும் விசேஷ வீடுகளில் ஓடும். அப்படிப்பட்டவர் ஒரு சைக்கிள் மணிக்கு ஒதுங்கினார் என்றால் அதற்குக் காரணம் டீச்சர். டீச்சர் போட்ட சட்டம் அது.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மதுரை டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். என் முழங்காலைப் பார்த்த டாக்டரோ நடையைக் குறைத்துக்கொண்டு, முடிந்தால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி எங்களைப் பிரித்துவிட்டார்கள். டியூட்டிக்கு விடியுமுன்னே போய், வந்ததும் படுத்துவிடுகிற மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான். பிள்ளைகள் வளர்ந்ததும் தெரியாது, எங்கள் தலை நரைத்ததும் தெரியாது. அவர் ஓய்வு பெற்றால் காலையில் கொஞ்ச நேரமாவது பக்கத்தில் இருக்கலாம் என்று அந்த ஒன்றைத்தான் வருஷக்கணக்காக மனசில் வைத்திருந்தேன். நகை கேட்கவில்லை, காசி ராமேஸ்வரம் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு இடம், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் டீச்சர் நடந்துகொண்டிருந்தார்.

சாக்கோட்டைப் பக்கம் போகிற அந்தக் கண்மாய்க் கரையில் பேவர் பிளாக் கல் பதித்து நடைபாதை போட்டது கொஞ்ச காலத்துக்கு முன்புதான். நடைக்கென்று போட்டார்கள். ஆனால் கல் பதித்த மறுநாளே, லாரிக்குப் பயந்து ரோட்டில் போக முடியாத புதுவயல் ரைஸ்மில் ஆட்கள் சைக்கிளை அதில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் ஆடுகள். அப்புறம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுகிற காலேஜ் பிள்ளைகள். மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு பிள்ளையார்பட்டிக்கு நடக்கிறவர்கள் வேறு. மழை பெய்தால் ஓரத்துக் கல் பெயர்ந்து ஆடும். வெயில் காலத்தில் காற்றோடு வந்த கருவேல முள் டயருக்கும் காலுக்கும் வேறுபாடு பார்க்காது. ஒரு நாள் மில்லுக்குப் போன சைக்கிள் ஒன்று பெரியவர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட, இரும்புக் குழாய் நட்டு சைக்கிளே வராமல் அடைக்க வேண்டும் என்று நடப்பவர்கள் கொதித்தார்கள். அப்போது குறுக்கே வந்து நின்றவர்தான் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று, தனியாக இருந்தார். நூல் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. கையில் ஒரு குச்சி, வழியில் கிடக்கிற முள்ளை ஓரமாகத் தள்ளிவிட. "அவுகளும் வேலைக்குப் போகணும்ல? அடைச்சுப்புட்டா லாரிக்கு அடியிலயா போவாக?" என்று கேட்டு அத்தனை பேரையும் அடக்கிவிட்டார். அன்றே சட்டமும் போட்டார். நடப்பவர்கள் தண்ணீர்ப் பக்கம், சைக்கிள் வயல் பக்கம். தூரத்திலேயே ஒரு தடவை மணி அடிக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்கக் கூடாது. மணி கேட்டால் நடப்பவர்கள் திரும்பிப் பார்த்துத் திகைக்காமல் ஒற்றை வரிசையாகிவிட வேண்டும். ஆடு வந்தாலும், மாலை போட்டவர்கள் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும். எழுதி ஒட்டவில்லை, வாயால் சொன்னதுதான். ஆடுகளைத் தவிர எல்லாரும் கேட்டார்கள். அவரைக் கண்டதும் மில் ஆட்கள் பத்தடிக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பார்கள். நான் மணி அடித்தால் 'இவுக ஒருத்தவுக' என்று முணுமுணுக்கிற அதே ஜனம், டீச்சர் குச்சியைத் தூக்கினால் சிரித்துக்கொண்டே ஒதுங்கும்.

இது போதாதென்று என் வீட்டிலும் டீச்சர். சாப்பிட உட்கார்ந்தால், "உப்பு கொறச்சுக்கணும்னு டீச்சர் சொன்னாக." நான் அதே உப்பைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். "செருப்பப் போட்டுட்டு நடக்கப்படாதாம், ஷூ வாங்கணுமாம், டீச்சர் சொன்னாக." வாங்கினார். நான் வாங்கித் தந்த செருப்பு வாசலில் கிடந்தது. தப்பாக ஒன்றும் நான் நினைக்கவில்லை. நினைக்கிற மாதிரி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டீச்சர் நல்லவர். அதுதான் பெரிய தொந்தரவு. நல்லவர் மேல் பொறாமைப்படுகிறவளுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடைக்காது.

ஒரு நாள் துணிந்து, சைக்கிளை மெதுவாக உருட்டி அவர் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போனேன். எதிரே வந்த டீச்சர் குச்சியை நீட்டினார். "சோடி போட்டு ஓட்டாதீக. எதுத்தாப்ல வாரவுக எங்குட்டுப் போவாக? அவுகளத் தாண்டிப் போயிருங்க." நாலு பேர் பார்த்தார்கள். என் புருஷனை ஓவர்டேக் பண்ணிப் போகச் சொன்னார். போனேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் அவர் பக்கத்தில், தண்ணீர்ப் பக்கமாக. நடக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போகச் சட்டத்தில் இடமிருந்தது.

அப்புறம் எனக்கு ஒரே யோசனைதான். அப்படி என்னதான் பேசுகிறார்கள்? வீட்டில் 'ம்', 'சரி', 'வை' என்ற மூன்று வார்த்தையில் நாளை ஓட்டிவிடுகிறவர், கரையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மணி அடிக்காமல் பின்னாலேயே போனேன். காற்று எதிர்க்காற்று, அவர் பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

பிள்ளையார்பட்டிக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இவர் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். திருப்பத்தூரில் டீ குடித்த இடத்தில் மாப்பிள்ளையின் மாமா தாலி இருந்த மஞ்சள் பையை மறந்து வைத்துவிட்டார். பாதி வழியில்தான் தெரிந்திருக்கிறது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது, மாமா பஸ்ஸுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். இவர் அத்தனை ஜனத்தோடும் பஸ்ஸைத் திருப்பிவிட்டார். டீக்கடைக்காரர் பையைப் பத்திரமாகச் சாமி படத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். வண்டி நேரம் தவறியதற்காக டிப்போவில் இவரை ஒரு வாரம் வேலையில்லாமல் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையாவது இடித்துவிட்டாரோ, யாராவது செத்துப்போனார்களோ என்று நான் சோறு இறங்காமல் தவித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு 'ஒண்ணுமில்ல, விடு' என்றார். அந்த ஒண்ணுமில்லாததை இப்போது டீச்சருக்கு உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கு வர வேண்டிய அழுகை அது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பார்வை பாதையில் இல்லை. பெயர்ந்து கிடந்த கல்லில் முன்சக்கரம் ஏறி, சைக்கிளோடு வயல் பக்கச் சரிவில் போய் விழுந்தேன்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார், டீச்சர் என் முழங்கையில் தைத்திருந்த முள்ளை எடுத்தார். பெரிய அடி ஒன்றுமில்லை. அவருக்குத்தான் பயத்தில் மூச்சு வாங்கியது.

"மணி அடிச்சுட்டு வாரதுக்கென்ன?" என்று கத்தினார்.

"மணி அடிச்சா ஒதுங்கிருவீகளே!" என்றேன்.

அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மில்லுக்குப் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு என் சைக்கிளை நிமிர்த்தி, முன்சக்கரத்தைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, கோணிப்போன ஹேண்டில்பாரை நேராக்கினார். பிறகு அதை என் கையில் கொடுத்தார்.

"தள்ளிக்கிட்டு வந்தா நீங்களும் நடக்குற ஆளுதான். அதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. வெயிட்ட அது மேல போட்டுக்கங்க, முட்டி வலிக்காது. அவுகளுக்கு இங்குட்டு வாங்க" என்று, தான் நடந்துவந்த இடத்தைக் காட்டினார். "மூணு பேரு சேந்து போகப்படாது. நான் பின்னால வாரேன்."

அப்படித்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தோம். நானும் அவரும் முன்னால், சைக்கிள் என் பிடியில், டீச்சர் பின்னால் குச்சியால் முள் தள்ளிக்கொண்டு. வருஷக்கணக்காகக் காத்திருந்த இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கரை முடிகிற வரைக்கும் ஷூ சத்தம்தான். போனவர்களும் வந்தவர்களும் டீச்சருக்குத்தான் வணக்கம் சொன்னார்கள். இடத்தை விட்டுக்கொடுத்த பெருமையும் அவருக்கே போய்விட்டதே என்று அப்போதும் எனக்கு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

டீச்சர் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். கரையில் அவர் சட்டம் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மில் ஆட்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் நடக்கிறேன், திரும்பும்போது ஏறி மிதித்து முன்னால் வந்து காபி போடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கதையிலும் எனக்கு ஒரு சந்தேகம். "இத டீச்சர்ட்ட சொல்லிட்டீகளா?" என்று கேட்பேன். "சொல்லியிருக்கேன்" என்பார், ஒளிவுமறைவில்லாமல். அன்றைய காபியில் சர்க்கரை இருக்காது.

போன வாரம் பஸ்ஸில் குழந்தையை விட்டுவிட்டு இறங்கிப்போன ஒரு தகப்பன் கதையைச் சொன்னார். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எல்லாம் பழகியிருந்தது. ஏற்கெனவே யாருக்கோ ரசித்துச் சொன்ன கதை. முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டேன். அவர் கண்மாயைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"இல்ல. இது ஒனக்கு மட்டுந்தான்" என்றார்.

பொய். அவர் பொய் சொன்னால் காதைச் சொறிவார் என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். டீச்சர் அவரிடம் எத்தனையோ உண்மைகளைக் கேட்டிருப்பார். ஆனால் டீச்சருக்காக என் வீட்டுக்காரர் ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டார்.