விபத்துப் பகுதி எல்லாம் எறங்கு

நாட்றம்பள்ளி தாண்டியதும் டவுன் பஸ் கண்டக்டர், "விபத்துப் பகுதி எல்லாம் எறங்கு" என்று கத்துகிறார். எனக்குப் பகீரென்கிறது. ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்கும் பெண்கள் பேசிக்கொண்டே சாவகாசமாக இறங்குகிறார்கள். இப்படியும் ஓர் ஊரா என்று நானும் இறங்கிவிடுகிறேன்.

நெடுஞ்சாலை ஓரமாகக் கொஞ்சம் வீடுகள், கோழிக்கூண்டு அளவுக்கு ஒரு சர்ச், ஒரு டீக்கடை. ஊர்ப்பெயர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இருக்கிற ஒரே போர்டு, 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்'. அதை எந்த லாரியும் மதிப்பதாகத் தெரியவில்லை.

டீ ஆற்றுகிறவரை எல்லாரும் ஸ்டெல்லா அக்கா என்கிறார்கள். "இங்க ஆக்சிடென்ட் ஜாஸ்தியாக்கா?" என்று கேட்டுத் தொலைக்கிறேன்.

"இன்னா சார் நீங்க! இங்க ஒரு மனுஷனுக்குக் கீறல் கிடையாது. ரோடு போட்டவங்க மிச்சமான போர்டை இங்க நட்டுட்டுப் போய்ட்டாங்க. அதுவே ஊர் பேராயிடுச்சு. என் பொண்ணைப் பாக்க வந்தவங்க போர்டைப் பாத்துட்டு எறங்காமலே போய்ட்டாங்க."

"நிஜப் பேரை எழுதி நீங்களே ஒரு போர்டு வைக்கலாமே?"

"வெச்சோமே." டம்ளரை நங்கென்று என் முன்னால் வைக்கிறார். "பெயிண்ட் காயறதுக்குள்ள ஒரு லாரிக்காரன் அது மேல ஏத்திட்டான். எங்க ஊர்ல நடந்த ஒரே ஆக்சிடென்ட் அதான் சார்."