மணம் தெரியாத சந்தனம்

என் மருமகளுக்கு நோயைக் கொடுத்தவள் நான். தெரிந்தும் மறைத்தேன்.

உருக்கமாகச் சொல்ல எனக்கு வராது... நாள்வாரியாகச் சொல்லத்தான் வரும். பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவு தொடங்கிய நாள், பெருந்தொற்றில் எங்கள் தெருவில் யார் என்றைக்குப் படுத்தார்கள்... எல்லாம் அதில் உண்டு.

2021 சித்திரை. அமுதாவுக்கு ஏழாம் மாதம். ஊரடங்கு வருமுன் வளைகாப்பை முடித்துவிட வேண்டுமென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முத்துப்பேட்டையிலிருந்து அவள் அம்மா செல்வி போனில் கெஞ்சினாள்.

"இப்ப வேணாங்க சம்பந்தி. வளையல் எங்க ஓடிப்போவுது?"

"ஏழுல போடாம, புள்ள பள்ளிக்கூடம் போறப்பவா போடுவீங்க?" என்றேன்.

வந்தாள்.

அன்று காலை சந்தனம் கரைத்தேன். மணமே இல்லை! காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன்... அதிலும் இல்லை. அதன் பொருள் எனக்கா தெரியாது? நோய்பற்றி வந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டியவள்! ஆனால் கூடத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாதாரணச் சளி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இரு கைகளாலும் அமுதாவின் கன்னங்களில் பூசினேன்.

"ஜில்லுனு இருக்கு அத்தை, இன்னும் கொஞ்சம் பூசுங்க" என்று சிரித்தாள்.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல். மருத்துவர் போனில் கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் வாசனை தெரியாம இருக்காம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மகன் பக்கத்தில் நின்றான் என்பதற்காகவா? ஆம் என்றிருந்தால் அன்றே பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார். மாத்திரை கொடுத்துப் பாருங்கள் என்றார். மூன்று நாள் போயிற்று. மூச்சு வாங்கிய பிறகுதான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். குழந்தை வயிற்றிலேயே இறந்தது. மறுநாள் அவளும்...

எப்படித் தொற்றியது என்று எல்லோரும் கேட்டார்கள். "முத்துப்பேட்டையிலேருந்து வந்துட்டுப் போனாங்களே" என்றேன். நாட்குறிப்பிலும் அதையே எழுதினேன். அதில் நான் எழுதிய முதல் பொய்!

மகன் அன்றோடு மாமியாரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் மட்டும் ஒவ்வொரு நினைவு நாளிலும், அவன் வீட்டில் இல்லாத நேரம் கேட்டு வருகிறாள். போன சித்திரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் வராம இருந்திருந்தா எம்பொண்ணு இருந்திருப்பா. நீங்க என்னைய ஒரு வார்த்தை திட்டலையே சம்பந்தி... இந்த மனசு யாருக்குங்க வரும்?"

உண்மை என் வாய்வரை வந்தது.

"எந்திரிங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

அடுத்த சித்திரையிலும் அவள் வருவாள். நான் சோறுதான் போடுவேன்...